கூதிர் காலத்து விரால்: கூட்டாகத் தூண்டிலுக்குப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்



ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், நம்ம பக்கத்து ஏரி, கண்மாய், குளங்களுக்கெல்லாம் புதுத்தண்ணீர் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதங்களையும் கூதிர் காலம் என்று முன்னோர்கள் பிரித்து வைத்தார்கள். நடவு முடிந்த ஊர்களில் களையெடுப்புக்கு முன்னால் நாலைந்து நாள் கை ஓய்வாக இருக்கும். அப்போது ஊரில் யாராவது ஒருவர், "ஞாயிற்றுக்கிழமை பெரிய ஏரிக்கு ஒரு நடை போய் விரால் பிடிச்சுட்டு வரலாமா?" என்று ஆரம்பிப்பார். உடனே பத்துப் பேர் சேர்ந்துவிடுவார்கள்.

போகட்டும், நல்ல காரியம்தான். ஆனால் இந்த மழைக்காலத்தில் ஏரி என்பது கோடையில் நாம் பார்த்த ஏரி இல்லை. மீனும் அதே இடத்தில் இருக்காது. ஆபத்தும் கூடுதல். அதோடு விரால் குஞ்சு பொரிக்கிற சமயமும் இதுதான். ஒரு நாள் ஆசைக்கு அடுத்த வருஷத்து மீனையும் சேர்த்து அழித்துவிட்டு வரக்கூடாது அல்லவா? ஆகவே விரால் எப்படிப்பட்ட மீன், மழை பெய்ததும் அது எங்கே போகும், கூட்டாகப் போகிறவர்கள் என்னென்ன ஏற்பாடு செய்துகொள்ளவேண்டும் என்பதை இன்று பார்க்கலாம்.

விராலின் குணம்

நம் ஏரிகளில் கட்லா, ரோகு, மிர்கால் என்று கெண்டை வகைகள் இருக்கின்றன. அவையெல்லாம் தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செவுள் வழியாக எடுத்து உயிர்வாழ்கிறவை. விரால் அப்படியில்லை. அதற்குச் செவுளுக்கு மேலே, தலைக்குள், காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அறை ஒன்று இருக்கிறது. சிறிது நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுத்தான் கீழே போகும். மேலே வரவிடாமல் வலையில் அமுக்கி வைத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகும் என்றால் சிரிப்பார்கள். விரால் விஷயத்தில் அது உண்மை.

இந்தக் குணத்தால்தான் கோடையில் குளம் வற்றிச் சேறாகும்போதும் விரால் பிழைத்துக் கிடக்கிறது. மழை இரவில் ஒரு குட்டையிலிருந்து அடுத்த குட்டைக்கு ஈரத் தரையில் நெளிந்து போவதும் இதனால்தான். சந்தையில் உயிரோடு விற்க முடிவதால் விலையும் கூடுதல்.

இரண்டாவது குணம், இது துரத்தித் திரிகிற மீன் இல்லை. பாசி ஓரத்திலோ, கோரைப் புதரிலோ, மூழ்கிக் கிடக்கும் மரத்தடியிலோ அசையாமல் ஒளிந்திருந்து, பக்கத்தில் வருகிற சின்ன மீன், தவளை, இறால், பூச்சியை ஒரே பாய்ச்சலில் கவ்வும். தன் இனத்துக் குஞ்சையே தின்னும். ஆகவே விரால் பிடிக்கப் போகிறவர் ஏரி முழுவதையும் பார்க்கவேண்டியதில்லை. ஒளிய இடம், பக்கத்தில் இரை, மேலே வந்து காற்றுக் குடிக்கக் கொஞ்சம் திறப்பு, இந்த மூன்றும் சேர்ந்திருக்கிற இடத்தைப் பார்த்தால் போதும்.

விராலுக்கு உறவுகளும் உண்டு. பெரிய நீர்நிலைகளிலும் ஆற்று மடுக்களிலும் பூவிரால் இருக்கும். அது விராலைவிடப் பெரிதாக வளரும். வாய்க்காலிலும் வயல் குழியிலும் கிடைக்கிற சின்னது குரவை.

அமெரிக்க நாட்டு ஏரிகளில் பாஸ் என்று ஒரு மீன் இருக்கிறது. வேறு இனம்தான், ஆனால் குணத்தில் விராலுக்கு அண்ணன் தம்பி மாதிரி. பெரிய வாய், பாசி ஓரத்தில் பதுங்கல், கூட்டைக் காவல் காக்கும் ஆண் மீன். அங்கே செப்டம்பர், அக்டோபரில் தண்ணீர் குளிர ஆரம்பித்ததும் அது சின்ன மீன்களைத் துரத்தித் தின்று, குளிர்காலத்துக்கு உடம்பைத் தேற்றிக்கொள்ளும். அந்தச் சமயம் பார்த்துக் குழுவாகத் தூண்டிலோடு போகிறார்கள். பலர் பிடித்த மீனை எடை பார்த்துவிட்டுத் திரும்ப ஏரியிலேயே விட்டுவிடுகிறார்கள். நம்மிடம் சாப்பாட்டுக்காகப் பிடிக்கிறோம். எல்லாவற்றையும் விடச் சொல்லவில்லை. எதை விடவேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மழைத்தண்ணீர் வந்ததும் நடப்பது என்ன?

ஒரு நிஜமான ஏரியை எடுத்துக்கொள்வோம். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் வீராணம் ஏரி இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் சோழர் காலத்தில் அமைத்தது. நீளம் சுமார் 14 கிலோமீட்டர். 2004-ம் ஆண்டிலிருந்து சென்னைக்குக் குடிதண்ணீரும் இங்கிருந்து போகிறது. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக இதற்குக் காவிரித் தண்ணீர் வருகிறது. மழைக்காலத்தில் அதோடு செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை ஆகியவற்றின் வெள்ளமும் சேர்ந்துகொள்ளும். மிஞ்சியது வெள்ளியங்கால் ஓடை வழியாக வெளியேறும். ஆக, வரத்து ஒரு பக்கம், போக்கு ஒரு பக்கம், நடுவில் பரந்த நீர். உங்கள் ஊர் ஏரி இதில் நூறில் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் வரத்துவாய்க்கால், உள்வாய், மதகு, கலிங்கு என்ற அமைப்பு ஒன்றுதான்.

புதுத்தண்ணீர் செம்மண் கலந்து கலங்கலாக வரும். அதில் மண்புழு, பூச்சி, வயல் நத்தை எல்லாம் அடித்துக்கொண்டு வரும். அயிரை, கெண்டைப்பொடி போன்ற சின்ன மீன்கள் அந்த இரையைத் தேடியும், தண்ணீரை எதிர்த்து ஏறியும் வரத்துவாய்க்கால் வாய்க்குக் கூடும். அவற்றைத் தின்ன விரால் அங்கே ஓரமாக வந்து நிற்கும். ஓட்டம் வேகமாக உள்ள நடு வாய்க்காலில் நிற்காது. ஓட்டத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் சுழன்று அமைதியாகிற மூலையில்தான் நிற்கும்.

இன்னொரு சங்கதியும் நடக்கிறது. வெயில் காலத்தில் மேல்தண்ணீர் சூடாகவும் அடித்தண்ணீர் குளிர்ச்சியாகவும் தனித்தனியாக நிற்கும். குளிர்ந்த மழையும் வாடைக்காற்றும் சேர்ந்து மேல்தண்ணீரைக் குளிரவைத்தால், அது கனத்துக் கீழே இறங்கும். அடியில் மக்கிக் கிடக்கும் கசடு கலந்த தண்ணீர் மேலே வரும். அத்தோடு நாலு நாள் வானம் மூடிக்கிடந்தால், வெயில் இல்லாததால் பாசி பிராணவாயுவை உண்டாக்குவதும் குறைந்துபோகும். இதனால்தான் அடைமழைக்குப் பிறகு விடியற்காலையில் கெண்டை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. சில குளங்களில் செத்தும் மிதக்கும். அப்போதும் விரால் அசைந்துகொடுக்காது. அதற்குத்தான் மேல்காற்று இருக்கிறதே!

ஆனால் குளிர் விராலையும் மந்தமாக்கும். மீனுக்கு நம்மைப்போல் தனியாக உடம்புச் சூடு கிடையாது. தண்ணீர் எப்படியோ உடம்பும் அப்படி. தண்ணீர் குளிர்ந்தால் தின்றது செரிக்க நேரமாகும், பசியும் குறையும். இது தெரிந்துகொண்டால் எப்போது போவது என்பது தானாக விளங்கும்.

எங்கே, எந்த நேரத்தில்?

கோடையில் விடியற்காலையும் சாயங்காலமும்தான் தூண்டிலுக்கு நல்ல நேரம் என்பார்கள். ஐப்பசி முதல் பாதி வரைக்கும் அது சரி. கார்த்திகை குளிர் இறங்கிவிட்டால், காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறி ஓரத்துத் தண்ணீர் சற்றே சூடான பிறகு போவதே அனுகூலம். இரண்டு மூன்று நாள் மழை விட்டு வெயில் அடிக்கிற முதல் நாள், முற்பகல் பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை விரால் ஓரத்துக்கு வரும்.

இடம் பார்க்கும்போது காற்றையும் பாருங்கள். இந்த மாதங்களில் காற்று வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் அடிக்கும். அலை தெற்கு, தென்மேற்குக் கரையில் போய் மோதும். குளிர்ந்த நாளில் வாடைக்கு மறைவான கரை, அதாவது வடக்குப் பக்கத்து ஓரம், அமைதியாகவும் சூடாகவும் இருக்கும். முதலில் அங்கே பாருங்கள்.

வரத்துவாய்க்கால் வாய், கோரையும் தாமரையும் முடிகிற விளிம்பு, புதிதாகத் தண்ணீர் ஏறி மூழ்கிய புல்தரை, கருவேல மரத்தடி, இவைதான் விரால் இடம். போனவுடனே தூண்டிலைப் போடாமல், கரையில் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். விரால் காற்றுக் குடிக்க மேலே வரும்போது ஒரு சின்னக் குமிழும் வட்டமும் தெரியும். அதே இடத்தில் மறுபடி தெரிந்தால் அங்கே மீன் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். கரையில் தடதடவென்று நடக்கக்கூடாது. பேச்சுச் சத்தத்தைவிடக் காலடி அதிர்ச்சிதான் மீனுக்கு முதலில் தெரியும்.

தூண்டிலும் இரையும்

கெண்டைக்குப் போடுகிற மெல்லிய நரம்பு விராலுக்கு ஆகாது. பாசிக்குள்ளிருந்து இழுக்கவேண்டும், அதற்குத் தடித்த நரம்பு வேண்டும். விரால் வாய் எலும்பாக இருக்கும். முள் கூராக இல்லாவிட்டால் ஏறாது. புறப்படுமுன் முள்ளை அரத்தில் தேய்த்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்ததைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

"அயிரையைப் போட்டு விராலை இழு" என்பது நம் பக்கத்துப் பழமொழி. அயிரை, சின்னக் கெண்டை, தடித்த மண்புழு எல்லாம் நல்ல இரை. ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். எந்த ஏரியில் மீன் பிடிக்கிறீர்களோ அந்த ஏரியிலேயே இரை மீனைப் பிடியுங்கள். வேறு குளத்துக் குஞ்சை வாளியில் கொண்டுபோய், மிஞ்சினதை ஏரியில் கொட்டிவிட்டு வருவதால்தான் ஜிலேபியும் நோயும் ஊர் ஊராகப் பரவுகின்றன. வளர்க்கத் தடையுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தி ஏரிக்குள் நுழைந்துவிட்டால் விரால், கெண்டை எதையும் விட்டுவைக்காது.

தவளையைக் கோர்த்துப் போடுகிற வழக்கம் சில ஊரில் உண்டு. அதை விட்டுவிடுவது நல்லது. தவளை நம் வயலுக்குக் கூலி கேட்காத காவல்காரன். பூச்சிகளைத் தின்று பயிரைக் காப்பதை உத்தேசித்துத்தான் 1987-ல் தவளைக்கால் ஏற்றுமதியையே அரசாங்கம் தடை செய்தது. இப்போது கடையில் ரப்பர் தவளை கிடைக்கிறது. பாஸ் மீனுக்கென்றே பயன்படுகிற பொருள். விராலுக்கும் அப்படியே பொருந்துகிறது. முள் மேல்நோக்கி உடம்போடு ஒட்டியிருப்பதால் பாசியில் மாட்டாது. பாசிமேல் போட்டு, இழுத்து நிறுத்தி, இழுத்து நிறுத்தி, தவளை தாவுவதுபோல் கொண்டுவரணும்.

கவ்வியதும் பதறி வெட்டி இழுக்காதீர்கள். விரால் இரையை முதலில் கவ்விப் பிடித்து, பிறகு திருப்பி விழுங்கும். நரம்பு இழுபட்டுப் போவதைப் பார்த்து, மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டு இழுங்கள். இழுக்க ஆரம்பித்தபின் தளர்த்தக்கூடாது. தளர்த்தினால் புதருக்குள் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

செங்குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் கை கூப்பிவிட்டு நகருங்கள்

இதுதான் நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

மழைத்தண்ணீர் ஏறியதும் ஆணும் பெண்ணுமாக விரால் ஜோடி சேரும். ஆழமில்லாத பாசி ஓரத்தில், செடிகளை விலக்கி வட்டமாக ஓர் இடத்தைச் சுத்தம் செய்து முட்டையிடும். முட்டை மஞ்சள் மணிபோல் மேலேயே மிதக்கும். இரண்டொரு நாளில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் சிவந்த நிறத்தில், ஆயிரக்கணக்கில் ஒரே பந்தாகச் சேர்ந்து நீந்தும். தாயும் தகப்பனும் கீழே நின்று காவல் காக்கும். குஞ்சுகளுக்கு அந்தச் செந்நிறம் மாறித் தனித்தனியாகப் பிரியும் வரை காவல் தொடரும்.

அந்தச் சமயத்தில் கூட்டத்துக்குப் பக்கத்தில் எது வந்தாலும் காவல் விரால் பாய்ந்து கடிக்கும். பசிக்காக அல்ல, கோபத்தில். அதனால் செங்குஞ்சுக் கூட்டத்தின்மேல் தூண்டிலைப் போட்டால் பெரிய விரால் உடனே மாட்டும். இது ரொம்ப சுலபம். சுலபமாக இருப்பதால்தான் ஆபத்து. காவல் மீனைத் தூக்கிவிட்டால் கெளுத்தியும் கெண்டையும் கொக்கும் அந்தக் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். ஒரு கிலோ விராலுக்காக ஆயிரக்கணக்கான விராலை இழக்கிறோம். சினைப்பசுவைக் கறிக்கு விற்கிறவன் நம் ஊரில் உண்டா?

வரத்துவாய்க்காலில் தண்ணீரை எதிர்த்து ஏறுகிற மீனைக் குறுக்கே வலை கட்டிப் பிடிப்பதும் இதே கதைதான். ஏறுகிற மீனில் பெரும்பாலானது சினை மீன். பாதி வாய்க்காலையாவது திறந்து விடுங்கள்.

ஆகவே குழுவில் மூன்று விதிகள் வைத்துக்கொள்ளுங்கள். செங்குஞ்சுக் கூட்டம் தெரிகிற இடத்தில் தூண்டில் போடுவதில்லை. வயிறு உப்பிய சினை மீன் மாட்டினால் ஈரக் கையால் முள்ளைக் கழற்றி விட்டுவிடுவது. ஓர் அடி நீளத்துக்குக் குறைந்த விராலை எடுப்பதில்லை. அது ஒருமுறையாவது குஞ்சு பொரிக்கட்டும்.

புறப்படுவதற்கு முன் கேட்கவேண்டியவை

ஏரி பொதுச்சொத்து என்று நினைத்துக்கொண்டு நேரே போய் இறங்கிவிடக்கூடாது. பல ஏரிகளில் மீன் குத்தகை விட்டிருப்பார்கள். சில இடத்தில் மீன்வளத்துறை, சில இடத்தில் பஞ்சாயத்து, சில இடத்தில் மீனவர் கூட்டுறவுச் சங்கம் என்று உரிமை மாறும். குத்தகைதாரர் பணம் கட்டிக் குஞ்சு வாங்கி விட்டிருப்பார். அவரிடம் முன்கூட்டியே ஒருவர் நேரில் போய்ப் பேசி, எத்தனை தூண்டில், எத்தனை கிலோ, என்ன கட்டணம் என்று முடிவு செய்துகொண்டால் கரையில் வாய்த்தகராறு வராது. முடிந்தால் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பறவைகள் சரணாலயமாக உள்ள ஏரிகளுக்குப் போகவே கூடாது. வேடந்தாங்கல், கரிக்கிலி, வேட்டங்குடி, கூந்தன்குளம் போன்ற இடங்களில் அந்த மீன் பறவைகளுக்கு உரியது. வேட்டங்குடிப் பக்கத்துக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. அவர்களுக்கு இருக்கிற கட்டுப்பாட்டில் கால்வாசியாவது நமக்கும் இருக்கட்டும்.

சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கங்களில் கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே சேர்ந்து ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக இறங்குகிற மீன்பிடித் திருவிழா உங்களுக்குத் தெரியும். அதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அங்கே தண்ணீர் வற்றப்போகிறது. மிச்சம் விட்டால் கொக்குக்குத்தான். இப்போதோ தண்ணீர் ஏறுகிற காலம், விட்டுவைத்தால் பெருகும். ஆகவே இந்தப் பயணத்துக்கு வலை வேண்டாம், தூண்டில் போதும்.

ஆள், செலவு, பங்கு

எட்டிலிருந்து பத்துப் பேர் வரை சேர்ந்தால் போதும். அதற்கு மேல் போனால் கரையில் சத்தமும் நரம்புச் சிக்கலும்தான் மிஞ்சும். விவரம் தெரிந்த ஒருவரைத் தலைவராக வைத்துக்கொள்ளுங்கள். "மழை கட்டுது, ஏறுங்க" என்று அவர் சொன்னால் மறுபேச்சில்லாமல் எல்லோரும் கரையேறணும். நீச்சல் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர் என்று இரண்டிரண்டு பேராகப் பிரிந்து நில்லுங்கள். சிறுவர்களைக் கூட்டிப்போனால் ஒவ்வொருவருக்கும் பெரியவர் ஒருவர் பொறுப்பு.

செலவைப் பொறுத்தவரை, போகுமுன்பே பொதுப்பணம் வசூலித்து ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். உதாரணமாக, வேன் வாடகை 2,400 ரூபாய், குத்தகைதாரருக்கு 800 ரூபாய், சாப்பாட்டுச் சாமான் 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 4,000. எட்டுப் பேருக்கு ஆளுக்கு 500 ரூபாய் ஆகிறது. இதைச் சந்தை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, லாபத்துக்காகப் போகிறோம் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஒரு நாள் சேர்ந்து போய்வருகிற சந்தோஷத்துக்குத்தான் இந்தச் செலவு. லாபம் பார்க்க நினைத்தால்தான் சினை மீனும் குஞ்சு மீனும் கூடைக்குள் போகும்.

பங்கு பிரிப்பதையும் முன்பே பேசிவிடணும். அவரவர் பிடித்தது அவரவருக்கு என்பது ஒரு முறை. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கூறு போடுவது இன்னொரு முறை. கூட்டாகப் போகிற இடத்தில் இரண்டாவதுதான் சிலாக்கியம். தூண்டிலில் அதிர்ஷ்டம் ஒருவர் பக்கமே சாயும்; கூறு போட்டால் வெறுங்கையோடு வீடு திரும்புகிறவர் இருக்கமாட்டார். சமைத்தவரும் வண்டி ஓட்டியவரும் ஒரு கூறுக்கு உரியவர்கள்.

உயிரைவிட மீன் பெரிதில்லை

ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஏரியில் மூழ்கி இறந்தவர்கள் செய்தியைப் பத்திரிகையில் பார்க்கிறோம். பெரும்பாலும் தவிர்த்திருக்கக்கூடிய சாவுகள்.

முதல் எமன், மண் எடுத்த குழி. கோடையில் ஏரி உள்வாயில் வண்டல், சவுடு எடுத்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம் இருக்கும். புதுத்தண்ணீர் கலங்கலாக மூடிவிட்டால் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியில் தலை மூழ்கிவிடும். தெரியாத ஏரியில் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்காமல் காலை வைக்காதீர்கள். கையில் நீளக் கம்பு வைத்து ஊன்றிப் பார்த்து நடங்கள். இன்னும் நல்லது, கரையிலிருந்தே தூண்டில் போடுவது.

இரண்டாவது, மதகும் கலிங்கும். திறந்திருக்கும் மதகு வாய்க்குப் பக்கத்தில் தண்ணீர் மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுக்கும். கலிங்கு வழிகிறபோது அடிவாரத்தில் சுழல் இருக்கும். மீன் குதிப்பதைப் பார்த்து அங்கே இறங்கினவர்களில் நல்ல நீச்சல்காரர்களும் திரும்பாமல் போயிருக்கிறார்கள்.

மூன்றாவது, இடி மின்னல். திறந்த ஏரிக்கரையில் நனைந்த தூண்டில் கழியைத் தூக்கிப் பிடித்து நிற்பது, மின்னலுக்குக் கை காட்டிக் கூப்பிடுவது மாதிரி. இடிச் சத்தம் காதில் விழுந்தவுடனே கழியைக் கீழே போட்டுவிட்டு வண்டிக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடணும். பனைமரத்தடியில் ஒதுங்கவே கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வரணும். புறப்படுவதற்கு முந்தின நாள் இரவு வானிலை அறிக்கையைக் கேளுங்கள். உங்கள் மாவட்டத்துக்கு ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை சொன்னால் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். ஏரி எங்கும் ஓடிப்போகாது.

நாலாவது, பாம்பு. மழையில் வளைகளில் தண்ணீர் புகுந்துவிட்டதால் பாம்பெல்லாம் கரைமேட்டுக்கு ஏறியிருக்கும். புதருக்குள் கையை விடாதீர்கள். கடித்துவிட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவதும் கெடுதல். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-க்குச் சொல்லி, விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள். காலில் புண் இருக்கிறவர் தேங்கின மழைத்தண்ணீரில் இறங்கவேண்டாம்; எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வரும். போய்வந்த இரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால் டாக்டரிடம் ஏரியில் இறங்கினதைச் சொல்லுங்கள்.

எடுத்துப் போகவேண்டியவை: ஐம்பது அடி தேங்காய்நார்க் கயிறு, காற்றடித்த லாரி டியூப் இரண்டு, மூடியுள்ள காலி பிளாஸ்டிக் கேன்கள், டார்ச் விளக்கு, குடிதண்ணீர், முள் குத்தினால் கழுவச் சோப்பு, துணிக்கட்டு. எடுத்துப் போகக்கூடாதது ஒன்றே ஒன்று, சாராயப் புட்டி. குடித்தவரை அன்றைக்குத் தண்ணீர்ப் பக்கமே விடாதீர்கள்.

புண் உள்ள மீன்

குளிர் இறங்கும் இந்த மாதங்களில் விரால், குரவை, கெண்டை மீன்களின் உடம்பில் சிவந்த புள்ளி தோன்றி, பிறகு ஆழமான புண்ணாகிற நோய் வருவதுண்டு. தண்ணீரில் பரவுகிற ஒருவகைப் பூஞ்சணம் இதற்குக் காரணம். இந்தியாவுக்குள் 1988-ல் வடகிழக்கு மாநிலங்கள் வழியாக நுழைந்து, பிறகு நாடு முழுவதும் பரவியது. விரால்தான் இதற்கு முதலில் பலியாகிறது.

புண் உள்ள மீன் மாட்டினால் சாப்பாட்டுக்கு எடுக்கவேண்டாம். ஏரிக்குள்ளும் திரும்ப வீசவேண்டாம். கரையில் பள்ளம் தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுங்கள். மீன்வள அலுவலகத்துக்கும் தகவல் சொல்லுங்கள். அன்றைக்குப் பயன்படுத்திய தூண்டில், கூடை, வாளி, செருப்பு எல்லாவற்றையும் கழுவி நல்ல வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே வேறு குளத்துக்குக் கொண்டுபோகலாம். சொந்தமாகப் பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். ஏரி வாளியை அப்படியே குட்டையில் அலசினால் நோயை நீங்களே விருந்துக்கு அழைத்த கணக்கு. குட்டையில் நோய் வந்துவிட்டால் மருந்து உண்டு. புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிலையம் சிஃபாக்ஸ் என்ற மருந்தைக் கண்டுபிடித்திருக்கிறது. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு எக்டேர் நீருக்கு 1 லிட்டர் கணக்கு. சுண்ணாம்பு எவ்வளவு போடலாம் என்பதைத் தண்ணீரைச் சோதித்து மீன்வள அலுவலர் சொல்வார்.

பிடித்த மீனைக் கொண்டுவருவது

விராலை உயிரோடு கொண்டுவருவது கெண்டையைவிடச் சுலபம். அகலமான பாத்திரத்தில் மீன் முதுகு நனைகிற அளவு மட்டும் தண்ணீர் விடுங்கள். விளிம்புவரை நிரப்பி இறுக்கி மூடினால் காற்றுக் குடிக்க இடமில்லாமல் செத்துப்போகும். மேலே ஈரச்சாக்கைப் போட்டுக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் துள்ளி வெளியே விழுந்துவிடும். வெயிலில் வைக்காமல் நிழலில் வையுங்கள். வழுக்குகிற மீனைப் பிடிக்கக் கையில் கொஞ்சம் சாம்பல் தொட்டுக்கொண்டால் போதும்.

உயிரோடு இருக்கிற விராலை, "சும்மா கிடக்கட்டும்" என்று கெண்டைக் குஞ்சு விட்டிருக்கிற குட்டையில் மட்டும் விட்டுவிடாதீர்கள். காலையில் குஞ்சு எண்ணிக்கை குறைந்திருக்கும், விரால் எடை கூடியிருக்கும்.

கடைசியாக ஒரு வார்த்தை. அறுந்த நரம்புத் துண்டுகளையும் பிளாஸ்டிக் பைகளையும் கரையில் விட்டுவராதீர்கள். கொக்கின் காலிலும் ஆட்டுக்குட்டியின் வாயிலும் அது சிக்கும். ஒரு சாக்குப்பையில் கட்டித் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

சொன்னதைச் சுருக்கமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: குத்தகைதாரரிடம் அனுமதி, வானிலை அறிக்கை, நீச்சல் தெரிந்த துணை, தூண்டில் மட்டும், செங்குஞ்சுக்கு வழி, சினைக்கு விடுதலை. இந்த ஆறையும் கடைப்பிடித்தால் போன பத்துப் பேரும் பத்திரமாகத் திரும்புவீர்கள். வருகிற வருஷம் ஐப்பசியிலும் அந்த ஏரியில் விரால் குமிழ் விடும்.